ஒரு நேரத்தில் ஒரு வேலை

இரண்டும் இடது கை

பெங்களூரில் ஸ்ரீராமபுரம் என்று ஒரு பகுதி உண்டு. தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் அங்கே வாழ்கிறார்கள். அங்கே ஒரு சின்னத் தையல் கடை. கடைக்காரரை எல்லோரும் டெய்லர் ஐயா என்று கூப்பிடுவார்கள். அவருடைய மனைவியை டெய்லரம்மா என்பார்கள்.

டெய்லர் ஐயாவுக்கு வயது 63. அவர் 40 வருடமாக ஜாக்கெட் தைக்கிறார். அளவு ஜாக்கெட்டை ஒரு முறை விரித்துப் பார்த்தால் போதும். கத்தரி தானாக ஓடும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. வேலை செய்யும்போது நடுக்கம் குறைவு. கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். நடையும் மெதுவானது. டாக்டர் சோதித்துப் பார்த்தார். "இது பார்க்கின்சன் நோய்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடுக்கம் ஓரளவு அடங்கியது. கடையும் நடந்தது.

பிறகு வேறு ஒரு தொல்லை வந்தது.

ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண் பட்டு ஜாக்கெட் துணி கொண்டுவந்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்கு உடுத்த வேண்டியது. டெய்லர் ஐயா துணியை வெட்டினார். தைக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கைத்துண்டும் இடது கைக்கே வெட்டப்பட்டிருந்தன. வலது கைக்குத் துணி இல்லை.

டெய்லரம்மாவுக்குக் கோபம் வந்தது.

"நாப்பது வருஷமா செய்யுற வேலை. கவனம் எங்கே போச்சு?"

டெய்லர் ஐயா பதில் சொல்லவில்லை. துணிக்குப் பணம் கொடுத்தார்கள்.

இன்னொரு நாள் டெய்லரம்மா மூன்று வேலை சொல்லி அனுப்பினார். பால் வாங்க வேண்டும். கரண்ட் பில் கட்ட வேண்டும். வரும் வழியில் வெள்ளை நூல் வாங்க வேண்டும். டெய்லர் ஐயா பாலோடு மட்டும் திரும்பி வந்தார்.

"வேணும்னே செய்யுறார். சொன்னதைக் கேக்கறதே இல்லை" என்று டெய்லரம்மா மகளிடம் வருத்தப்பட்டார்.

கேள்வி கேட்டால் டெய்லர் ஐயா உடனே பதில் சொல்வதில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "அவருக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்றார் ஒருவர். "புத்தி மாறிவிட்டது" என்றார் இன்னொருவர். இரண்டும் அவர் காதில் விழுந்தன.

டெய்லர் ஐயா கடையைப் பூட்டினார். சாவியை மனைவியிடம் கொடுத்தார். அதன் பிறகு காலை முதல் இரவு வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சொன்னது

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டெய்லரம்மாவும் கூடப் போனார். நடந்தது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னார். ஜாக்கெட் கதையையும் சொன்னார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அம்மா, இவர் சோம்பேறி இல்லை. பிடிவாதக்காரரும் இல்லை. இதுவும் அந்த நோயின் வேலைதான். இந்த நோய் கை காலை மட்டும் மெதுவாக்காது. சிலருக்கு யோசனையையும் மெதுவாக்கும்."

டெய்லரம்மா தலை குனிந்தார். வீட்டில் தான் பேசிய பேச்செல்லாம் அவருக்கு நினைவு வந்தது.

"இதுக்கு வழி இல்லையா டாக்டர்?" என்று கேட்டார்.

"வழி உண்டு. நோயை அடியோடு போக்க முடியாது. ஆனால் இவர் திரும்பவும் வேலை செய்யப் பயிற்சி தரலாம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்" என்றார் டாக்டர்.

பார்க்கின்சன் நோய் என்றால் என்ன?

நமது மூளையின் நடுப்பகுதியில் சில சிறப்பான செல்கள் உள்ளன. அவை ஒரு ரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. அதன் பெயர் டோபமைன். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோக அது உதவுகிறது. நாம் நினைத்தவுடன் கை அசைகிறது. கால் நடக்கிறது. அதற்கு டோபமைன் வேண்டும்.

பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. பாதிக்கு மேல் அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது. செய்தி போய்ச் சேரத் தாமதமாகிறது. அதனால் உடல் விறைக்கிறது. நடை தளர்கிறது. குரல் தாழ்கிறது. எழுத்து சிறுத்துப் போகிறது.

யோசிப்பதற்கும் திட்டம் போடுவதற்கும் டோபமைன் வேண்டும். அதனால்தான் சிந்தனையும் பாதிக்கப்படுகிறது.

இந்த நோய் பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வருகிறது. சிலருக்கு முன்பே வரலாம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருகிறது. இது தொற்றுநோய் இல்லை. தொட்டால் ஒட்டாது. 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் லண்டனில் வாழ்ந்தார். அவர் 1817ஆம் ஆண்டில் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. நம் நாட்டு ஆயுர்வேத நூல்களில் கம்பவாதம் என்ற பெயர் உண்டு. கம்பம் என்றால் நடுக்கம்.

இந்த நோய்க்கு முக்கியமான மருந்து லெவோடோபா. மூளைக்குள் போய் அது டோபமைனாக மாறுகிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 1960களில் லெவோடோபா மருந்தாகப் பயன்படத் தொடங்கியது. ஆனால் பூனைக்காலிப் பொடியை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அளவு கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து.

சிந்தனையில் என்ன மாற்றம் வரும்?

எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. சிலருக்கு வரவே வராது. வந்தால் இப்படி இருக்கலாம்:

யோசிக்க நேரம் ஆகும். பதில் தெரியும். ஆனால் வாய்க்கு வரத் தாமதமாகும்.

வேலையை வரிசையாகச் செய்வது கடினமாகும். முதலில் எது, பிறகு எது என்று குழப்பம் வரும். டெய்லர் ஐயாவின் கைத்துண்டு தவறியது இதனால்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாது. பேசிக்கொண்டே நடந்தால் கால் தடுமாறும். டீ கிளாஸை ஏந்திக்கொண்டு நடப்பதும் அப்படித்தான்.

ஞாபகத்தில் உள்ளதை எடுத்துச் சொல்வது கடினமாகும். பீரோவில் புடவை இருக்கிறது. எந்த அடுக்கில் என்று தெரியவில்லை. அதுபோலத்தான் இது. சின்னக் குறிப்பு கொடுத்தால் பலருக்கு நினைவு வந்துவிடும்.

எதிலும் ஆர்வம் இல்லாமல் போகும். தானாக எழுந்து ஒரு வேலையைத் தொடங்க மாட்டார். யாராவது தொடங்கி வைத்தால் கூடச் சேர்ந்துகொள்வார். இது சோம்பல் அல்ல.

முகத்தில் உணர்ச்சி தெரியாது. முகத்துத் தசைகள் விறைத்திருப்பதுதான் காரணம். மனத்துக்குள் பாசம் இருக்கும். வருத்தமும் இருக்கும்.

முதலில் சோதனை

டாக்டர் டெய்லர் ஐயாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கடிகாரம் வரையச் சொன்னார். 11 மணி 10 நிமிடம் காட்டும்படி முள் போடச் சொன்னார்.

டெய்லர் ஐயா வட்டம் போட்டார். எண்களை எழுதினார். சின்ன முள்ளை 11க்கு நேராக வரைந்தார். பெரிய முள் 2க்கு நேராக நிற்க வேண்டும். அவர் 10க்கு நேராக வரைந்தார்.

டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். ஐந்து சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏற்ற சோதனைகள் உண்டு. அதனால் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். இது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை இல்லை.

டாக்டர் இரத்தமும் எடுக்கச் சொன்னார். மறதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கலாம். பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம். மனச்சோர்வு இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். நடுக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் மறதியை அதிகமாக்கும். இவற்றில் பலவற்றைச் சரி செய்ய முடியும்.

மறுபயிற்சி தொடங்கியது

அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் பெண் ஒருவர் இருந்தார். அவரை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பார்கள். தினசரி வேலைகளை நோயாளி திரும்பச் செய்ய வழி காட்டுபவர் அவர்.

அவர் டெய்லர் ஐயாவிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நீங்க எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசைப்படறீங்க?"

டெய்லரம்மா வாயைத் திறந்தார். அந்தப் பெண் கையால் சைகை காட்டி நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

சிறிது நேரம் கழித்து டெய்லர் ஐயா சொன்னார்:

"ஒரு ஜாக்கெட்டைத் தப்பில்லாம வெட்டணும்."

பல நாட்களுக்குப் பிறகு அவர் சொன்ன முழு வாக்கியம் அது.

இதுதான் மறுபயிற்சியின் முதல் படி. நோயாளியின் ஆசையைக் கேட்க வேண்டும். அவருக்கு எது தேவையோ அதைப் பயில வேண்டும். இந்தப் பயிற்சி பற்றி உலகில் பல இடங்களில் ஆராய்ச்சி நடக்கிறது. எந்த வேலையைப் பயில்கிறோமோ, அந்த வேலையில் முன்னேற்றம் வரலாம். பயிலாத வேலையும் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. சமையல் செய்ய விரும்புபவர் சமையலைப் பயில வேண்டும். கணக்குப் பார்க்க விரும்புபவர் கணக்கைப் பயில வேண்டும்.

இரண்டாவது படி, வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பது.

"எடுத்ததும் ஜாக்கெட் வேண்டாம். முதல்ல தலையணை உறை வெட்டுவோம். அது எளிது" என்றார் அந்தப் பெண். டெய்லர் ஐயா கத்தரியை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தார். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே வெட்ட அனுமதித்தார்.

"இதை யாராவது எழுதி வைக்கணும்" என்றார்.

டெய்லரம்மா தயங்கினார். அவர் சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு வருடமாகத்தான் எழுத்தறிவு மையத்துக்குப் போகிறார். மகள் ஊரில் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"நான் எழுதறேன்."

கோடு போட்ட நோட்டில் அவர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் பெரிதாக, தெளிவாக இருந்தது.

1. துணியை விரி.
2. டேப்பால் அள.
3. சாக்பீஸால் கோடு போடு.
4. மறுபடி அள.
5. வெட்டு.

"ஒவ்வொன்றும் முடிந்ததும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்க. பிறகு அடுத்ததைப் பாருங்க" என்றார் அந்தப் பெண்.

வீட்டில் பயிற்சி

டெய்லர் ஐயாவின் வீட்டில் புதிய வழக்கம் வந்தது. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அவர் உடல் இலகுவாகும். அப்போதுதான் பயிற்சி. 20 நிமிடம் வேலை. பிறகு ஓய்வு. அந்த நேரத்தில் டி.வி. கிடையாது. ரேடியோ கிடையாது. யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

டெய்லர் ஐயா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். "டேப்பால் அள" என்று படித்துவிட்டு அளப்பார். வாயால் சொல்லும்போது மனம் வேறு பக்கம் ஓடாது.

முதல் வாரம் இரண்டு உறைகள் சரியாக வந்தன. ஒன்று வரவில்லை. நான்காவது வரியை விட்டுவிட்டார். டெய்லரம்மாவின் வாயில் பழைய பேச்சு வந்தது. அடக்கிக்கொண்டார். நான்காவது வரியில் விரலை வைத்துக் காட்டினார். டெய்லர் ஐயா புரிந்துகொண்டார்.

தவறு செய்யவிட்டுத் திட்டுவதால் பயன் இல்லை. தவறு வருமுன் வழி காட்டுவது நல்லது. சரியாகச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் அது மனத்தில் பதியும்.

தலையணை உறை நன்றாக வந்தது. பிறகு பாவாடை. பிறகு ஜாக்கெட். ஜாக்கெட்டுக்கு அட்டையில் மாதிரி வெட்டி வைத்தார்கள். ஒரு கை அட்டையில் "இடது" என்று டெய்லரம்மா எழுதினார். இன்னொன்றில் "வலது" என்று எழுதினார். இடதுக்குச் சிவப்பு மை. வலதுக்கு நீல மை.

சில நாட்கள் வேலை ஓடாது. மாத்திரையின் பலம் குறைந்த நேரத்தில் கை விறைக்கும். அன்று நோட்டை மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் திறப்பார்கள்.

பத்து வரை எண்ணுங்கள்

பயிற்சி நோயாளிக்கு மட்டும் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் உண்டு. டெய்லரம்மா கற்றுக்கொண்ட பெரிய பாடம், காத்திருப்பது.

முன்பு அவர் கேட்பார்: "காலையில என்ன வேணும்? தோசையா, இட்லியா, உப்புமாவா? சீக்கிரம் சொல்லுங்க." பதில் வருமுன் எழுந்து போய்விடுவார்.

இப்போது அருகில் உட்காருவார். முகத்தைப் பார்ப்பார்.

"தோசையா, இட்லியா?"

பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று...

ஏழு எண்ணும்போது பதில் வந்தது.

"தோசை. முறுகலா."

டெய்லரம்மா சிரித்தார். இத்தனை நாள் பதில் இல்லை என்று நினைத்தார். பதில் இருந்தது. கேட்கத்தான் நேரம் கொடுக்கவில்லை.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டாக்டர் எழுதிய நேரத்தையே எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு அடையாளம் போடுங்கள். லெவோடோபா மாத்திரையைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் சாப்பிடச் சொல்வார்கள். பருப்பு, முட்டை, கறி, பால் போன்ற உணவோடு சேர்ந்தால் மருந்து சிலருக்குச் சரியாக ஏறாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் வையுங்கள். கண்ணாடி, சாவி, பணப்பை எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். மூன்று வேலை இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பேச வேண்டும் என்றால் நின்று பேசுங்கள்.

வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். "ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு" என்று தாளமாகச் சொல்லுங்கள். தரையில் பட்டையாகக் கோடு ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லலாம். பலருக்குக் கால் எழும்பும்.

எழுத்து சிறுத்தால் கோடு போட்ட தாள் கொடுங்கள். "பெரிதாக எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.

விளையாடுங்கள். ஆடுபுலி ஆட்டம், தாயம், பல்லாங்குழி எல்லாம் நல்லவை. யோசித்துத்தான் காய் நகர்த்த வேண்டும். விடுகதை போடுங்கள். பழைய பாட்டைச் சேர்ந்து பாடுங்கள். மனத்துக்கு மகிழ்ச்சி. குரலுக்கும் வேலை.

தினமும் உடற்பயிற்சி வேண்டும். டாக்டரைக் கேட்டு நடைப்பயிற்சி செய்யலாம். உடல் அசைந்தால் மூளைக்கும் நல்லது.

அவர் செய்யக்கூடிய வேலையைப் பிடுங்காதீர்கள். சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும்.

எச்சரிக்கை

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீரில் கிருமி, காய்ச்சல், உடலில் நீர் குறைவு எதுவும் காரணமாக இருக்கலாம்.

இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொன்னால் மந்திரவாதியிடம் போக வேண்டாம். நோயாலோ மருந்தாலோ அப்படி வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

சில மாத்திரைகளால் சிலருக்குச் சூதாடும் ஆசை அல்லது அளவு மீறிச் செலவழிக்கும் ஆசை வரலாம். அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"இந்த நோயை அடியோடு போக்குகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மூளை, நரம்பு, மனநலச் சிகிச்சைக்கு அது பெயர் பெற்றது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நரம்பியல் பிரிவு இருக்கும். அங்கே கேட்கலாம்.

மும்பையில் 2001ஆம் ஆண்டில் பார்க்கின்சன் நோயாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் அது இலவசக் கூட்டங்கள் நடத்துகிறது. நோயாளிகளும் வீட்டாரும் கூடிப் பேசுகிறார்கள். சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள்.

பார்க்கின்சன் நோய் சட்டப்படி மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பல சலுகைகளைக் கேட்கலாம். அதற்கு அரசு டாக்டரின் சான்றிதழ் வேண்டும்.

பார்த்துக்கொள்பவருக்கும் களைப்பு வரும். அழுகை வரும். அது தவறு இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவர் உதவட்டும். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கம்

ஏழு மாதம் கழிந்தது. டெய்லர் ஐயாவின் கடை காலையில் மட்டும் திறக்கிறது. அவசர வேலை எடுப்பதில்லை. பட்டு ஜாக்கெட் எடுப்பதில்லை. அவர் வெட்டுகிறார். இன்னொரு பெண் மெஷினில் தைக்கிறார். முன்போல் வருமானம் இல்லை. ஆனால் சாவி திரும்ப அவர் கைக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண் வந்தார். பட்டுத் துணி கெட்டுப்போனது அவருக்குத்தான். இந்த முறை பருத்தித் துணி கொண்டுவந்திருந்தார்.

"டெய்லர் ஐயா, அவசரம் இல்லை. மெதுவா வெட்டிக் கொடுங்க" என்றார்.

டெய்லர் ஐயா நோட்டை விரித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். சிவப்பு எழுத்து அட்டையை வைத்தார். கோடு போட்டார். நீல எழுத்து அட்டையை வைத்தார். கோடு போட்டார். மறுபடி அளந்தார். பிறகு கத்தரியை எடுத்தார். முன்பு 10 நிமிடத்தில் முடிகிற வேலை. அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று.

டெய்லரம்மா இரண்டு கைத்துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்:

"இன்று ஜாக்கெட் வெட்டினார். ஒன்று இடது. ஒன்று வலது."

டெய்லர் ஐயா பென்சிலை வாங்கினார். அடுத்த கோட்டில் மெல்ல எழுதினார். கை நடுங்கியது. ஆனால் எழுத்து கோட்டுக்குக் கோடு நிறைந்து, பெரிதாக இருந்தது.

"சரி."

நினைவில் வைப்போம்

பார்க்கின்சன் நோய் சிந்தனையையும் மெதுவாக்கலாம்.
மெதுவாக யோசிப்பது சோம்பல் இல்லை. பிடிவாதமும் இல்லை.
ஒரு நேரத்தில் ஒரு வேலை.
எழுதி வைப்போம். வாய்விட்டுப் படிப்போம்.
பதிலுக்குக் காத்திருப்போம்.
மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்போம்.

விடை எழுதுங்கள்

1. டெய்லர் ஐயா பால் மட்டும் வாங்கி வந்தார். அதற்குக் காரணம் என்ன?
2. டோபமைன் நம் உடலுக்கு எதற்கு வேண்டும்?
3. டெய்லரம்மா ஏன் பத்து வரை எண்ணினார்?
4. மாத்திரையைத் திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது?

பேசிப் பார்ப்போம்

உங்கள் தெருவில் முதியவர் ஒருவர் மெதுவாகப் பேசுகிறார், மெதுவாக நடக்கிறார். மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நீங்கள் என்ன சொல்வீர்கள்? மையத்தில் கூடிப் பேசுங்கள்.

செய்து பார்ப்போம்

நீங்கள் தினமும் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். டீ போடுவதாக இருக்கலாம். அதை வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். எழுதியதைப் பக்கத்தில் உள்ளவரிடம் கொடுங்கள். அவர் அதைப் படித்து, அதன்படி மட்டும் டீ போடட்டும். ஏதாவது ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.